சந்தையில் மாடு, துண்டுக்குள் விலை

(‘பணக் கணக்கு: திறந்த புத்தகமா, பூட்டிய பெட்டியா?’ என்ற தலைப்பில் சிங்கப்பூரில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், முப்பது ஆண்டுகள் வங்கியின் கணக்குத் தீர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரை.)



எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே ஒரு போடு போட்டார். “மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். கணக்கு நேர்மையாக இருந்தால் மறைப்பானேன்?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அந்தப் பழமொழியையே நானும் எடுத்துக்கொள்கிறேன். மடியில் கனம் என்றால் திருட்டுப் பணம் என்று யார் சொன்னது? மாதம் முழுக்க வெயிலில் நின்று சம்பளம் வாங்கி வருகிறவன் மடியிலும் கனம்தான் இருக்கிறது. அவனுக்கும் வழியில் பயம்தான். அவன் திருடியதால் வந்த பயமல்ல, திருடன் இருப்பதால் வந்த பயம்! (கைதட்டல்)

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நூறு பேர் சுற்றி நிற்பார்கள். நடுவில் மாடு. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். எல்லாம் வெட்டவெளியில். விலை பேசும்போது மட்டும் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போடுவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடிப்பார், மடக்குவார், விடுவார். வாய் பேசாது. விலை முடிந்துவிடும்.

மாடு கைமாறியது ஊருக்கே தெரியும். யார் விற்றார், யார் வாங்கினார் என்பதும் தெரியும். என்ன விலை என்பது துண்டுக்குள் கைவைத்தவர்களுக்கு மட்டும் தெரியும். அந்தச் சந்தையைத் திருட்டுச் சந்தை என்று யாராவது சொன்னார்களா? நான் இன்று பேச வந்தது அந்தத் துண்டைப் பற்றித்தான்.

சத்தமாகச் சொன்ன ஒரு தொகை

இது நம் தேக்காவில் நான் கண்ணால் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் அனுப்பும் கடை ஒன்றில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவருடைய முறை வந்ததும் உள்ளேயிருந்த பணியாளர், கூட்டத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று உரக்கக் கேட்டார்: “ஆயிரத்து இருநூறு வெள்ளியா? அறந்தாங்கிக்கா?”

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. ஏன் தெரியுமா? வரிசையில் நாலு பேர் தள்ளி அவருடைய ஊர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அதே தம்பியைப் பார்த்தேன். “அண்ணே, பணம் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னே சேதி போய்ச் சேர்ந்துடுச்சு. சித்தப்பா ஐம்பதாயிரம் கைமாத்துக் கேக்கறார். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது. இல்லைன்னு எப்படிச் சொல்றது?” என்றார்.

அந்தத் தம்பி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. அவருடைய தொகை நாலு பேர் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அதனால் ஒரு கல்யாணக் காசுக்கு ஆபத்து வந்துவிட்டது. எதிரணி நண்பர்கள் கேட்கும் ‘திறந்த புத்தகம்’ என்பது அந்தக் கடைப் பணியாளரின் குரலை உலகம் முழுக்க ஒலிபெருக்கியில் வைப்பது போன்றது.

ஊரெல்லாம் பார்க்கும் பேரேடு

பிளாக்செயின் என்றால் என்ன? பேரேடுதான். ஒரே ஒருவர் கையில் இல்லாமல், சேர்ந்திருக்கும் எல்லோரிடமும் அதே பிரதி இருக்கும் பேரேடு. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அதன் முத்திரையை அடுத்த பக்கத்தில் பதிக்கிறார்கள். பின்னால் யாராவது பழைய பக்கத்தைத் திருத்தினால் அடுத்தடுத்த முத்திரைகள் எல்லாம் பொருந்தாமல் போய்விடும். பிட்காயின் 2009 ஜனவரியில் இப்படித்தான் தொடங்கியது. அதன் பேரேட்டை யார் வேண்டுமானாலும் முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம். பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முகவரி இருக்கும். ஆனால் இந்த முகவரி இன்னாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், அதன் வழியே அவர் செய்த வரவு செலவு முழுவதும் வெட்டவெளிச்சம்.

இதை வங்கிகளுக்குள் அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஒரு வங்கி இன்று காலை இன்னொரு வங்கிக்கு எத்தனை கோடி கொடுத்தது என்பது மற்ற எல்லா வங்கிக்கும் தெரியும். ஒரு வங்கி பெரிய அளவில் கடன்பத்திரம் விற்கத் தொடங்கினால், விற்று முடிப்பதற்குள் மற்றவர்கள் விலையைக் கீழே தள்ளிவிடுவார்கள். கையிருப்பு சற்றுக் குறைந்தால் அரைமணி நேரத்தில் வதந்தி கிளம்பும். வங்கியை வீழ்த்த வதந்தி போதும். கொள்ளைக்காரன் வரத் தேவையில்லை.

பெரிய வங்கியை விடுங்கள். லிட்டில் இந்தியாவில் மளிகை இறக்குமதி செய்யும் பெரியவர் ஒருவர் எங்கள் வங்கியின் வாடிக்கையாளர். அவர் அடிக்கடி சொல்வார்: “தம்பி, என் மிளகாய் எந்த ஊர்லேர்ந்து வருதுன்னும், மூட்டை என்ன விலைன்னும் எதிர்க்கடைக்குத் தெரிஞ்ச அன்னிக்கு நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.” அவருடைய முதல் பணம் மட்டுமல்ல, முப்பது வருடம் அலைந்து தேடிய அந்தத் தகவலும்தான்.

இந்த நாட்டுச் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வாடிக்கையாளர் பற்றிய தகவலைச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்கு அல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. அப்படியானால் ஊரறியும் பேரேட்டில் வங்கி எப்படி எழுத முடியும்?

உபின் தீவின் பெயரில்

இந்தக் கேள்விக்கு விடை தேடியது நம் சிங்கப்பூர்தான். 2016இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கியது. பெயர் ‘உபின் திட்டம்’. புலாவ் உபின் தீவை நமக்குத் தெரியும். அந்தத் தீவின் கருங்கல் ஜொகூர்ப் பாலத்துக்குப் போனது. அந்தப் பெயரைத்தான் பணப் பாலத்துக்கும் வைத்தார்கள்.

முதல் கட்டத்தில் சிங்கப்பூர் வெள்ளியை இத்தகைய பேரேட்டில் கைமாற்ற முடியுமா என்று பார்த்தார்கள். முடிந்தது. இரண்டாம் கட்டத்தில்தான் உண்மையான சிக்கல். 2017இல் சிங்கப்பூர் வங்கிகள் சங்கமும் 11 நிதி நிறுவனங்களும் சேர்ந்து செய்த அந்தச் சோதனையின் கேள்வி இதுதான்: ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமலே எல்லோர் கணக்கும் தீருமா?

நான் முப்பது வருடம் செய்த வேலை அது. மூன்று கடைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பூக்கடைக்காரர் துணிக்கடைக்கு நூறு வெள்ளி தரவேண்டும். துணிக்கடை சாப்பாட்டுக் கடைக்கு நூறு. சாப்பாட்டுக் கடை பூக்கடைக்கு நூறு. மூவர் கையிலும் காசு இல்லை. “அவர் தரட்டும், நான் தருகிறேன்” என்று மூவரும் உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூன்று சீட்டையும் பார்க்கிற ஒருவர் இருந்தால், “யாரும் யாருக்கும் தரவேண்டாம், கணக்கு நேர்” என்று ஒரு நொடியில் முடித்துவிடுவார். வங்கிகளுக்கு நடுவே அப்படி எல்லாச் சீட்டையும் பார்க்கிறவர் நாணய ஆணையம். அந்த நடுவர் இல்லாமல், எல்லோரிடமும் பிரதி உள்ள பேரேட்டில், சீட்டைக் காட்டாமலே இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டும். அதுதான் சவால்.

மூன்று மென்பொருள்களை வைத்து மூன்று வழிகளில் செய்து பார்த்தார்கள். முதலாவது கோர்டா. அதில் ஒரு பரிமாற்றத்தின் தாள் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும் போகும், மற்றவருக்குப் போகாது. இரண்டாவது ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக். இரண்டிரண்டு பேருக்குத் தனித்தனி அறை போல வழி அமைப்பது. 11 வங்கிகள் இருந்தால் இருவர் இருவராக 55 அறைகள் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது கோரம். அதில் விவரத்தை மறைத்துவிட்டு, “இவரிடம் போதிய பணம் இருக்கிறது” என்பதற்குக் கணித நிரூபணம் மட்டும் காட்டுவது. மூன்று வழியிலும் ரகசியத்தைக் காத்துக்கொண்டே கணக்குத் தீர்க்க முடியும் என்று அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை வந்தது. நிரல்களையும் எல்லோரும் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். இதைக் கவனியுங்கள். பூட்டு எப்படிச் செய்தோம் என்பதை ஊருக்குக் காட்டினார்கள். பெட்டிக்குள் இருப்பதைக் காட்டவில்லை. நல்ல பூட்டுக்கு அதுதான் அடையாளம்.

அது சோதனைச்சாலையோடு நின்றுவிடவில்லை. 2019இல் கனடா மத்திய வங்கியோடு எல்லை தாண்டிப் பணம் அனுப்பிப் பார்த்தார்கள். 2021இல் டிபிஎஸ், ஜே.பி.மார்கன், தெமாசெக் மூன்றும் சேர்ந்து ‘பார்ட்டியர்’ என்ற தீர்வு நிறுவனத்தைத் தொடங்குவதாக அறிவித்தன. 2025 நவம்பரில் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றும் நாணய ஆணையத்தின் மின்வெள்ளியில் ஒரு நாள் இரவுக் கடன் கொடுத்து வாங்கிப் பார்த்த சோதனை முடிந்ததாக ஆணையம் தெரிவித்தது.

கேம்பல் லேன் பூக்கார அக்கா

“காட்டாமலே எப்படி ஐயா நிரூபிப்பது? இது என்ன மாயமா?” என்று என் மனைவியே கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கேம்பல் லேனில் ஒரு பூக்கார அக்கா. இரண்டு மல்லிகைச் சரம் வைத்திருக்கிறார். ஒன்று இன்று காலை கட்டியது. மற்றொன்று நேற்றுக் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். “மோந்து பார்த்தே நான் வித்தியாசம் சொல்வேன்” என்கிறார். வாங்க வந்தவர் என் மாமா. கொரோனா வந்ததிலிருந்து அவருக்கு வாசனையே தெரியாது. ரசமும் வெந்நீரும் அவருக்கு ஒன்றுதான். (சிரிப்பு) அவர் எப்படி நம்புவார்?

மாமா இரண்டு சரத்தையும் இரண்டு கையில் பிடிக்கிறார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். மாற்றினாலும் மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். பிறகு நீட்டுகிறார். அக்கா மோந்து பார்த்து, “மாத்திட்டீங்க” என்றோ, “மாத்தலை” என்றோ சொல்ல வேண்டும். ஒரு தடவை சரியாகச் சொன்னால் குருட்டு யோகம் எனலாம். இருபது தடவையும் சரியாகச் சொன்னால்? வெறும் ஊகத்தில் அது நடக்க 10,48,576இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. மாமாவுக்கு இப்போது சந்தேகமே இல்லை, இரண்டு சரத்துக்கும் வித்தியாசம் உண்டு, அக்காவுக்கு அது தெரிகிறது. ஆனால் எது இன்றைய பூ, எது நேற்றைய பூ என்று மாமாவுக்குத் தெரியுமா? கடைசி வரை தெரியாது!

உண்மை நிரூபணமாகிவிட்டது, ரகசியம் வெளியே வரவில்லை. 1985இல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் என்ற மூன்று அறிஞர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்த கணிதம் இது. வங்கியும் இதைத்தான் செய்கிறது. “என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொகையைக் கொடுக்கப் போதுமானது இருக்கிறது என்பதை நிரூபிக்கிறேன்.”

எதிரணி சொன்னதில் உள்ள உண்மை

நடுவர் அவர்களே, எதிரணி சொன்னது அத்தனையும் தவறு என்று சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய பெட்டியால் வந்த வினையை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது.

2020இல் ஹின் லியோங் என்ற எண்ணெய் வணிக நிறுவனம் கவிழ்ந்தது. 23 வங்கிகளுக்கு ஏறக்குறைய 385 கோடி அமெரிக்க டாலர் பாக்கி. நடக்காத எண்ணெய் விற்பனையைக் காட்டி வங்கியை ஏமாற்றிய வழக்கில் அதன் நிறுவனருக்கு 2024இல் பதினேழரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் எங்கள் துறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட கேள்வி: ஒரே சரக்கைக் காட்டி ஒருவர் இரண்டு வங்கியில் கடன் வாங்கினால், இரண்டு வங்கிக்கும் அது எப்படித் தெரியும்? தெரியாது. ஒவ்வொருவரும் தன் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறார்களே!

2023 ஆகஸ்டில் பத்து வெளிநாட்டவரைப் போலீசார் பிடித்தார்கள். முடக்கிய சொத்து 300 கோடி வெள்ளிக்கு மேல் போனது. பத்துப் பேரும் தண்டனை பெற்றார்கள். அந்த வழக்கு தொடர்பாக 2025 ஜூலையில் ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு 2 கோடியே 74½ லட்சம் வெள்ளி அபராதம்.

கணிதப் பூட்டிலும் ஆபத்து உண்டு. ‘ஸீகேஷ்’ என்ற மின்நாணயத்தில் தொகையை முழுவதும் மறைக்க வழி உண்டு. அதன் கணிதத்தில் ஒரு பிழை இருப்பதை அவர்களே 2018இல் கண்டுபிடித்துச் சரிசெய்து, 2019இல் வெளியே சொன்னார்கள். அந்தப் பிழையைப் பயன்படுத்தி யாராவது கள்ளநாணயம் உண்டாக்கியிருந்தால் வெளியே தெரிந்திருக்காது! யாரும் செய்ததாகத் தடயம் இல்லை என்றார்கள். ஆனாலும் பாடம் பாடம்தான். எதையும் பார்க்க முடியாத பெட்டிக்குள் பிழை நடந்தாலும் பார்க்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், எனக்குத் திறந்த புத்தகமும் வேண்டாம், யாருமே திறக்க முடியாத பெட்டியும் வேண்டாம். பொள்ளாச்சியில் விலைதான் துண்டுக்குள் இருந்தது. மாடு வெளியேதான் நின்றது. மாட்டையும் துண்டால் மூடினால் அதற்குப் பெயர் வியாபாரமல்ல!

மார்க்கெட் ஸ்திரீட் பாடம்

எங்கள் ஐயா, என் அப்பாவைப் பெற்றவர், இதே சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். கிட்டங்கி என்றால் ஒரே நீளக் கூடம். வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் சுவர் கிடையாது. ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பக்கத்துக் கடை ஒரு கை தூரம். ஒரே கூரைக்குக் கீழே வேலை, அங்கேயே சாப்பாடு, படுக்கையும் அங்கேயே. ஆனாலும் “பக்கத்துப் பெட்டியில் என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கிறவன் அந்தக் கூடத்தில் நாலு நாள் தங்க மாட்டான்” என்பாராம் ஐயா.

ஆனால் அவர்கள் தனித்தனித் தீவாகவும் இருக்கவில்லை. ரங்கூனில் செட்டியார்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டி என்ன என்று தீர்மானித்தது 1930ஆம் ஆண்டு வாக்கில் வந்த பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. அதாவது, ஐந்தொகை தன்னோடு, வட்டி எல்லோரோடும். எதைப் பகிர்வது, எதைப் பூட்டுவது என்று பிரித்து வைத்திருந்தார்கள். இன்று கணிதத்தில் செய்வதை அன்று நாணயத்தால் செய்தார்கள். நாணயம் என்றால் நான் காசைச் சொல்லவில்லை.

இப்போதும் அந்த வழிதான். ஹின் லியோங் கவிழ்ந்த அதே 2020இல் டிபிஎஸ், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு இரண்டும் முன்னின்று, மற்ற வங்கிகளையும் சேர்த்து, வணிகக் கடனுக்கான பொதுப் பதிவேடு ஒன்றைச் சோதிக்கத் தொடங்கின. ஒரே சரக்குக்கு இரட்டைக் கடன் போகாமல் தடுக்க. இது போன்ற பதிவேடு வேலை செய்யும் விதத்தைச் செக்கை வைத்துச் சொல்லலாம். விலைச்சீட்டை ஒரு கணிதச் செக்கில் போட்டு ஆட்டுகிறோம். ஒரு சிறு குறியீடு வருகிறது. எள்ளைப் போட்டால் எண்ணெய் வரும், எண்ணெயைக் கொண்டு எள்ளைத் திரும்பச் செய்ய முடியாது இல்லையா? அது மாதிரி, குறியீட்டிலிருந்து விலைச்சீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதே சீட்டை இன்னொரு வங்கி ஆட்டினாலும் அதே குறியீடுதான் வரும். இரண்டும் ஒத்துப்போனால் மணி அடிக்கும். ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டால் குறியீடே வேறாகிவிடும். ஆகவே சீட்டு எண், தேதி, தொகை என்று தனித்தனியாகவும் ஆட்டிப் பார்க்க வேண்டும். மிளகாய் வியாபாரியின் விலை வெளியே போகாது. மோசடிக்காரன் மட்டும் சிக்குவான்.

2024 ஏப்ரல் 1 முதல் நாணய ஆணையத்தின் ‘காஸ்மிக்’ தளமும் நடக்கிறது. ஆறு பெரிய வங்கிகள். ஒரு வாடிக்கையாளரிடம் சட்டம் சொல்லும் அளவுக்குச் சந்தேகக் குறிகள் தெரிந்தால் மட்டும் அவரைப் பற்றிய தகவலைத் தங்களுக்குள் பகிரலாம். எல்லோருடைய கணக்கையும் எப்போதும் பார்ப்பது வேறு, காரணம் இருக்கும்போது ஒருவர் கணக்கைப் பார்ப்பது வேறு. துண்டை விலக்கிப் பார்க்க ஓர் அதிகாரி இருக்கலாம். ஆனால் ஏன் விலக்கினார் என்று அவர் எழுதி வைக்க வேண்டும்.

வாக்குப் பூட்டும் கட்டுமானப் பூட்டும்

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன், நடுவர் மணியின்மேல் கைவைத்துவிட்டார்.

கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் ‘டிரேஸ்டுகெதர்’ வைத்திருந்தோம். அந்தத் தகவல் தொற்று கண்டறிய மட்டும்தான் என்று 2020இல் சொன்னார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்கும் போலீஸ் அதைக் கேட்டு வாங்கலாம் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றினார்கள். அரசு தவறை ஒப்புக்கொண்டு திருத்தியது, அதை மெச்ச வேண்டும். ஆனால் வாயால் போட்ட பூட்டு வாயாலேயே திறந்துவிடும் என்பதையும் அன்று பார்த்தோம். இன்னின்னாருக்கு இவ்வளவுதான் தெரியும் என்று கட்டுமானத்திலேயே பூட்டு இருக்க வேண்டும், சட்டமும் காவல் நிற்க வேண்டும்.

ஆகவே எந்த வங்கியாவது, எந்த நிறுவனமாவது “எங்களிடம் புதிய பிளாக்செயின் வந்துவிட்டது, உங்கள் பணம் பத்திரம்” என்று சொன்னால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். என் கணக்கை யார் யார் பார்க்கலாம்? சாவி யாரிடம் இருக்கிறது? தவறு நடந்தால் நான் யார் வாசலில் போய் நிற்பது? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், அந்தப் பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் நம் காசை அதில் வைக்க வேண்டாம்.

கடைசியாக அந்த அறந்தாங்கித் தம்பி. 2023 பிப்ரவரி 21 அன்று நம் பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் இணைந்தன. இப்போது கைப்பேசியிலேயே ஊருக்குப் பணம் அனுப்பலாம். சென்ற மாதம் அவரைப் பார்த்தபோது, “இப்ப யாரும் சத்தம் போட்டுத் தொகை கேக்கறதில்லைண்ணே” என்று சிரித்தார். தங்கைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். பிறகு கேட்டார்: “ஆனா இந்த போனுக்குள்ள இருந்து யார்லாம் பார்க்கறாங்கண்ணே?”

நடுவர் அவர்களே, கோடிக்கணக்கில் புரளும் வங்கிகள் தங்கள் கணக்கை மூடிக்கொள்ள ஆண்டுக்கணக்கில் செலவழித்து, பட்டுத் துண்டு நெய்துவிட்டன. அதைக் குறை சொல்லவில்லை, அது தேவை. ஆயிரத்து இருநூறு வெள்ளி அனுப்புகிற அந்தத் தம்பிக்கு ஒரு பருத்தித் துண்டாவது நெய்து கொடுக்க வேண்டாமா? மாடு சந்தையில் நிற்கட்டும், சுங்கக்காரர் எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் விலை, பெரியவர் கைக்கும் சின்னவர் கைக்கும், துண்டுக்குள்ளேயே இருக்கட்டும்.